புகை போன கரி

அந்த வீட்டில் குளிர்காலம் வந்தால் முதல் போர்வை குஞ்சுகளுக்குத்தான். மனிதர்கள் இருப்பதைப் போர்த்திக்கொண்டு சுருண்டுகொள்ள வேண்டியது. வீட்டின் பின்சுவரோடு ஒட்டிய குஞ்சுக் கொட்டகையின் வலை ஜன்னல்களை, தீவனச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த படுதாவால் மூடி, அதன் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டி, கதவிடுக்கில் கந்தல் துணி திணித்து, எறும்பு நுழைய வழியில்லாமல் செய்த பிறகுதான் மாமனாருக்கு ஒரு வாய்த் தேநீர் இறங்கும். உள்ளே இருக்கிறவர்கள் எப்படி மூச்சு விடுவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. காற்று என்ன, காசு கொடுத்தா வாங்குகிறோம்?

அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும் ஒரு நாள் குஞ்சுகளை இறகு முளைக்கும் வரை வளர்த்து, கோழி வளர்க்கிறவர்களுக்கு விற்பது அந்த வீட்டுத் தொழில். தாய்க்கோழியைப் பார்க்காத குஞ்சு அது. தாயின் வயிற்றுச் சூட்டை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். மாமனார் கொடுத்தது கரிச்சூடு. இரும்பு பீப்பாயைப் பாதியாக அறுத்துச் செய்த தொட்டியில் கரியைக் கொட்டி, முற்றத்தில் வைத்துப் பற்றவைத்து, விசிறி விசிறிப் புகை முழுக்கப் போக்குவார். கங்கு செக்கச்செவேலென்று ஆகி மேலே சாம்பல் பூத்ததும், இரண்டு பக்கமும் கம்பி மாட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையின் நடுவில் இறக்குவார்கள். அதைச் சுற்றித் தகர வளையம். வளையத்துக்குள் மரத்தூள், மரத்தூளுக்கு மேல் மஞ்சள் மஞ்சளாகக் குஞ்சுகள்.

"புகை போன கரி பால் மாதிரி, ஒண்ணும் பண்ணாது" என்பது மாமனாரின் வேதவாக்கு. பச்சைக் கரியை உள்ளே கொண்டுபோகிற முட்டாள்களைப் பற்றி அவரிடம் நிறையக் கதைகள் உண்டு. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும், அது வால் என்று சொல்லிவிடுவார்.

மாமியார் காலமான அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் தீவனம் கலப்பாள், குஞ்சின் கண்ணில் மருந்துச் சொட்டு விடுவாள், வாங்க வருகிறவர்களிடம் பேரம் பேசுவாள். அவளுடைய புருஷன் தீவன லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட வண்டியில் இருப்பது அதிகம். இளையவளின் புருஷனுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. இரும்போடு பழகிப் பழகி மனிதரோடு பேச மறந்துபோனவன். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளையவளுக்குத்தான், வேறு யாரும் விரும்பாத வேலை கிடைத்தது. கரித்தொட்டியோடு கொட்டகைக்குள் இருந்து சூடு பார்க்கிற வேலை.

சூடு பார்ப்பதற்குக் குஞ்சையே பார்த்தால் போதும். தொட்டியை ஒட்டி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர்கிறது. கங்கைக் கிளற வேண்டும். தகரத்தோரம் போய் வாயைப் பிளந்து சிறகை விரித்தால் சூடு அதிகம். சாம்பலை அள்ளி மூட வேண்டும். பரவலாகப் படுத்து, பேசுவதுபோல் மெல்லச் சத்தம் போட்டால் எல்லாம் சரி. இளையவள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்ட குஞ்சுகளை வெந்நீர்த் துணியால் துடைத்து விடுவதிலும் அவளுக்குப் பொறுமை அதிகம். அவள் வந்த பிறகு சாவு குறைந்தது என்று மாமனாரே ஒரு தடவை சொன்னார். அவளிடம் சொல்லவில்லை, லாரிக்காரனிடம் சொன்னார்.

குளிர் இறுகிய நாட்களில் அவள் தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மூத்தவளிடம், பிறகு புருஷனிடம், கடைசியில் மாமனாரிடமே சொன்னாள். நெற்றிப்பொட்டில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி இருக்கிறது, நிற்கும்போது தரை சாய்கிறது என்றாள். மூத்தவள் தைலம் கொடுத்தாள். புருஷன் மாத்திரை வாங்கி வந்தான். மாமனார், சோம்பலுக்கு ஆயிரம் பெயர் உண்டு, அதில் தலைவலியும் ஒன்று என்றார். உள்ளே வேலை செய்கிற எல்லோருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றார்.

அப்புறம் வாந்தி. கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து முற்றத்துக் குழாயடியில் குனிந்து நின்றவளை, மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரேடியோ அத்தை பார்த்துவிட்டாள். மாமனாரின் தங்கை. பக்கத்து வீட்டுக்காரி. அவள் காதில் விழுந்தது தெருமுனைக்குப் போய்ச் சேர, பஸ் எடுக்கும் நேரம்கூட ஆகாது. தலை சுற்றல், வாந்தி, சோர்வு; இதற்கு வைத்தியர் வேண்டுமா என்ன? மதில் சுவரில் முழங்கையை ஊன்றியபடியே அத்தை நல்ல செய்தியை அறிவித்துவிட்டாள்.

வீடே மாறிப்போனது. மாமனார் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் கையில் பழப்பையைப் பார்த்த தெரு நாய்கூட இரண்டு அடி தள்ளி நின்று யோசித்தது. வெல்டிங்காரன் பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். இளையவள் மட்டும் மூத்தவளிடம் தனியாகச் சொன்னாள்.

"எனக்கு நிச்சயமா தெரியல அக்கா. நாள் தள்ளியிருக்கு. ஆனா எனக்கு எப்பவுமே அப்படித் தள்ளிப் போறதுதான்."

"டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்திடலாமா?"

"இப்பவே போகாதீங்க, கண்ணு பட்டுடும்னு அத்தை சொல்லிட்டாங்க."

சந்தோஷத்தோடு விட்டிருந்தால் தேவலை. பிள்ளைத்தாய்ச்சி குளிரில் முற்றத்துக்கும் கொட்டகைக்கும் நடக்கலாமா என்று மாமனாருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்காவது உள்ளே ஒரு கணக்கு இருந்தது. இவருடையது கலப்படமில்லாத இரக்கம். அதுதான் பயங்கரம். நார்க்கட்டிலைத் தூக்கிக் கொண்டுபோய்க் கரித்தொட்டிக்கு அருகிலேயே போட்டார். சாப்பாடு அங்கேயே வரும், கதகதப்பாகப் படுத்துக்கொண்டே குஞ்சையும் பார்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே நல்ல இடம் அதுதான் என்றார். மருமகளை அவர் அவ்வளவு அன்பாக நடத்தி யாரும் பார்த்ததில்லை.

மூத்தவள் தட்டு எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் இளையவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கன்னம் சிவந்திருந்தது. பிள்ளைக்களை என்றாள் அத்தை. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமானது. ஒரு காலையில் மூத்தவள் கதவைத் திறந்தபோது, இளையவள் நிலைக்கால் அருகே தரையில் உட்கார்ந்து, கதவில் திணித்த துணியைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் துணியைப் பிடிக்கவில்லை. பிடித்த விரல் வழுகி வழுகி வந்தது.

மூத்தவள் யாரையும் கேட்கவில்லை. கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கொண்டுவந்து முகம் கழுவிவிட்டு, ஸ்வெட்டரை மாட்டி, பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். இளையவளை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. மூடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். பாலம் தாண்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். மார்க்கெட் வந்தபோது கடைப் பலகைகளைப் படித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், பசிக்கிறது அக்கா என்றாள். ரொட்டிக்கடையில் நின்றபடியே இரண்டு பன்னைத் தின்று, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டாள். மூத்தவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. பல நாளாகச் சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பியவள், ஒரு பஸ் பயணத்தில் எப்படித் தேறுவாள்?

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா, கர்ப்பமெல்லாம் இல்லை என்று நேராகச் சொன்னார். இளையவள் குனிந்து கையிலிருந்த பன்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மா வேறு கேள்விகளுக்குப் போனார். எங்கே தூங்குகிறாள், அங்கே ஜன்னல் உண்டா, அடுப்பு எங்கே இருக்கிறது. மூத்தவள் கரித்தொட்டியைப் பற்றிச் சொன்னாள். புகையெல்லாம் வெளியிலேயே போக்கிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவோம் என்று, வீட்டுக்குப் பரிந்து, அதையும் சேர்த்தே சொன்னாள்.

"புகை இருந்தா இருமிக்கிட்டாவது வெளிய ஓடிருப்பா" என்றார் டாக்டரம்மா. "கங்கு விடற விஷக்காத்துக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. அடைச்ச ரூம்ல அது ஆளைத் தூங்க வச்சே கொண்டுபோயிடும். இன்னைக்கு இவளைக் கூட்டிட்டு வந்தீங்க. திரும்ப அந்த ரூமுக்குள்ள விட்டீங்கன்னா, அடுத்த தடவை தூக்கிட்டுதான் வரணும்."

திரும்பும்போது இளையவள் பஸ்ஸில் அழுதாள். பிள்ளை இல்லை என்றா, உயிர் பிழைத்தது என்றா, ஊருக்கு என்ன சொல்வது என்றா, கேட்க முடியவில்லை. மூத்தவள் தன் கோபத்தை இறங்கும் நிறுத்தம் வரை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் செய்தியைச் சொன்னதும் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். ஒரு பெண் செத்துப் பிழைத்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை இல்லை என்பதுதான் பெரிய குற்றமாக நின்றது. ஊரையே ஏமாற்றிவிட்டாள் என்றாள் ரேடியோ அத்தை. ஊருக்குச் சொன்ன வாய் தன்னுடையது என்பது அவளுக்கு நினைவில்லை. வெறும் தலைவலி என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் வாயைத் திறக்கப் போகிறோம் என்று வேறு கேட்டாள். இளையவள் தலைவலி என்று சொன்னதைத் தவிர வேறு எதுவுமே சொன்னதில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை அந்த வீட்டு முற்றத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். வெல்டிங்காரன் தூணோடு தூணாக நின்றான்.

மாமனார் டாக்டரம்மா சொன்னதைக் கையால் தள்ளிவிட்டார்.

"அந்தம்மா கோழி வளர்த்திருக்காங்களா? இத்தனை வருஷமா கரிதான். எம் பொண்டாட்டி, உங்க அத்தை, உள்ளயே கிடந்து வளர்த்தா. அவளுக்கு என்ன ஆச்சு?"

"தலைவலி மாமா" என்றாள் மூத்தவள். "நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து, குளிர்காலம் முழுக்க அத்தை தலையில துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுதான் இருந்தாங்க. வெயில் காலத்துல அந்தத் துணியை நான் பார்த்ததே இல்ல."

"அது அவளுக்குப் பிறவிக் கோளாறு."

"பிறவிக் கோளாறு வெயில் வந்தா லீவு போடுமா?"

அந்த வீட்டில் மாமனாரிடம் அப்படி யாரும் பேசியதில்லை.  சின்னவளுக்கு முடியவில்லை என்றால் நீ உள்ளே போ என்றார் அவர்.

"நான் போக மாட்டேன். அவளையும் விட மாட்டேன். கரி உள்ள இருந்தா இந்த வீட்டுப் பொம்பளை யாரும் உள்ள இருக்க மாட்டா."

கரி இல்லையென்றால் வேறு என்ன வழி என்று அவர் வரிசையாக அடுக்கினார். பல்பு போட்டால் கரண்ட் போகும். குஞ்சு விறைத்துச் சாகும். மில் தெருவில் ஒருவன் பல்பை அதன் ஒயரிலேயே தொங்கவிட்டு, அது அறுந்து மரத்தூளில் விழுந்து, கொட்டகையும் வீடும் போனது தெரியாதா? கேஸ் வைத்தால் குழாய் கசியும். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று முடித்தார். பல்பைச் சங்கிலியில் கட்டினால் என்ன, கரண்ட் போனால் வெந்நீர்க் கேன்களைச் சாக்கில் சுற்றி வைத்தால் என்ன என்று மூத்தவள் கேட்டதற்கு, பெண்பிள்ளைகள் பேச்சைக் கேட்டுத் தொழில் செய்ய நேரம் வரவில்லை என்றார். இளையவளின் கட்டிலை மூத்தவள் தானே இழுத்துவந்து தன் அறையில் போட்டாள். கட்டில் கால் தரையில் கீறிக்கொண்டு வந்த சத்தம் மதில் தாண்டிக் கேட்டிருக்கும்.

ஆளில்லாமல் கொட்டகையை நடத்திக் காட்டுகிறேன் என்று மாமனாருக்கு வீம்பு. கங்கைக் கிளற யாரும் தேவைப்படாதபடி, அன்று சாயங்காலம் தொட்டி நிறையக் கரியைப் போட்டுப் புகை போக்கினார். வெல்டிங்காரனும் அவருமாகத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். சூடு வெளியே போகாதிருக்க இன்னொரு தார்ப்பாயைப் போர்த்தினார். கதவிடுக்கில் புதுச் சாக்கைத் திணித்தார். காலையில் வந்து பாருங்கள், எல்லாம் பூ மாதிரி இருக்கும் என்றார்.

பூ மாதிரிதான் இருந்தன. விடிந்து கதவைத் திறந்ததும் சத்தமே இல்லை. மரத்தூளின் மேல் குஞ்சுகள் எல்லாம் பரவலாக, ஒன்றோடொன்று இடிக்காமல், நல்ல சூட்டில் படுத்திருக்கிற மாதிரியே படுத்திருந்தன. மாமனார்கூட முதல் பார்வையில் சந்தோஷப்பட்டார். மூத்தவள் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். கழுத்து தொங்கியது. தகரத்தோரம், கதவை ஒட்டிய பக்கம் கொஞ்சம் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மீதியெல்லாம் போய்விட்டன. கால்கள் ரோஸ் நிறத்தில் சிவந்து, உயிரோடிருப்பவற்றைவிட அழகாக இருந்தன.

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மருமகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன அன்று வராத கண்ணீர் அவருக்கு இப்போது வந்தது. இரண்டு குஞ்சுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு, கோழி மருந்துக்கடைக்காரனிடம் ஓடினார். அவன் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கரியா என்று கேட்டான். டாக்டரம்மா சொன்னதையே அவனும் சொன்னான். அவன் சொன்னால் சரி. அவன் குஞ்சைப் பற்றியல்லவா சொன்னான்? கூடவே, இவ்வளவு நாள் எப்படித் தப்பித்தது, உள்ளே யாராவது அடிக்கடி கதவைத் திறந்தார்களா என்றும் கேட்டானாம். மாமனார் வீட்டுக்கு வந்து அதை ஒரு விநோதம்போலச் சொன்னார்.

மூத்தவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வாந்தி வரும்போதெல்லாம் இளையவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாளே, அந்தக் காற்றில்தான் அத்தனை குஞ்சும் பிழைத்துக் கிடந்திருக்கின்றன. அவள் குடலைக் கக்கிக் கக்கிக் குஞ்சு வளர்த்திருக்கிறாள். அவளுக்குச் சோம்பேறி என்று பெயர், ஏமாற்றுக்காரி என்று பெயர்.

அன்று மதியமே கரித்தொட்டி வெளியே போனது. படுதாவின் மேல்பக்கம் ஒரு முழத்துக்கு அவிழ்த்துவிடப்பட்டது. வெல்டிங்காரன் பட்டறையிலிருந்து கம்பிக்கூண்டு செய்து கொண்டுவந்து, பல்புகளை அதற்குள் பொருத்தி, கூரைக் குழாயிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டான். ஒரு சங்கிலி போனாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு சங்கிலி. ஒன்று அணைந்தாலும் குஞ்சு குளிராதபடி இரண்டு பல்பு. கரண்ட் போனால் வைக்க வெந்நீர்க் கேன்களும் வந்தன. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கூண்டையும் பிடித்துத் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தான். அண்ணி, சரியா இருக்கா என்று மூத்தவளிடம் கேட்டான். இதில் காலே அரைக்கால் பங்கு அக்கறையைத் தலைவலிக்குக் காட்டியிருக்கலாமே என்று அவள் கேட்டாள். அவன் ஏணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புதுக் குஞ்சுகள் வந்தன. பல்புக்கடியில் கொஞ்சம், தள்ளிக் கொஞ்சம், தண்ணீர்த்தட்டோரம் கொஞ்சமாகப் பரவிப் படுத்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தன. இளையவள் தலையில் தைலம் இல்லாமல், கதவை விரியத் திறந்துபோட்டு வேலை செய்தாள். ஊரில் பேச்சு வேறுவிதமாகப் போனது. மாமனார் குஞ்சுகளுக்காக உருகிப்போய், காலங்காலமான கரியையே விட்டுவிட்டார் என்று ரேடியோ அத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவளுக்குக் கைவந்தது. கொட்டகையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கரி வைத்துக் குஞ்சு வளர்க்கிற மற்றவர்கள். மாமனார் எல்லோருக்கும் சங்கிலியை ஆட்டிக் காட்டினார். மூத்தவள் அதையும் பொறுத்துக்கொண்டாள். கரி போனது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று வந்தவர் பெரிய கொட்டகைக்காரர். தகர வளையத்துக்கு வெளியே நின்று, மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, உங்களுக்கு எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டார். இளையவள் உள்ளே குந்தி, தண்ணீர்த்தட்டைக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தாள். மூத்தவள் வாசலில் தீவனச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றது" என்றார் மாமனார். குரல் தழுதழுத்தது; நடிப்பில்லை, உண்மையாகவே தழுதழுத்தது. "குஞ்சு வாயில்லா ஜீவன். மூச்சு முட்டுது, தலை சுத்துதுன்னு அதால சொல்ல முடியுமா? நாமதான் பார்த்துப் புரிஞ்சுக்கணும்."

இளையவள் தட்டை நிரப்பி முடித்தாள். எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எனக்கு வாய் இருந்துச்சே மாமா. நான் தினமும் சொன்னேனே."

வந்தவர் தன் செருப்பைப் பார்த்தார். மாமனார் சங்கிலியிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. மூத்தவள் சாக்கை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் இளையவளின் பக்கத்தில் நின்றாள். யாராவது ஏதாவது பதில் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.